மஞ்சளாகாத பதினாலு மாதம்

ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் உள்கதவைத் திறந்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் அடுக்கில் வரிசையாக இருந்த ஆறு பிளேட்டும் மஞ்சளாகக் கிடந்தன. வியாழக்கிழமை மருந்து ஊற்றிய பிளேட்டுகள். திங்கள் காலைக்குள் அவற்றில் இருந்த புற்றுநோய் செல்கள் மொத்தமும் செத்து, பிய்ந்து, அழுக்குப் போல மிதந்துகொண்டிருக்க வேண்டும். அவை மிதக்கும் திரவம் மட்டும், ஊற்றியபோது இருந்த அதே சிவப்பில் இருக்க வேண்டும். பதினாலு மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. செத்தவர்கள் சாப்பிடுவதில்லை. சாப்பிடாத இடத்தில் புளிப்பு ஏறுவதில்லை. புளிப்பு ஏறாதவரை அந்தத் திரவத்தில் கலந்திருக்கும் சாயம் நிறம் மாறுவதில்லை. மஞ்சள் என்றால், உள்ளே யாரோ உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் பாக்டீரியா புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்க ஆசைப்பட்டாள் என்று சொல்வதே சரி. ஒரு பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கலங்கல் இல்லை, பளிங்காக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்தாள். இடைவெளியே இல்லாமல், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, செல்கள் பிளேட் முழுவதும் நிறைந்திருந்தன. இரண்டாவது பிளேட்டும் அப்படியே. ஆறாவது வரைக்கும் அப்படியே.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சமையலக்கா என்று பெயர். செல்களுக்கு ஊற்றுகிற சாப்பாட்டுத் திரவத்தை, அதாவது மீடியத்தை, கலக்கிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தொரு வருடமாக அந்த அறையில் எந்தச் செல்லும் அவள் கையால்தான் சாப்பிட்டிருக்கிறது. பேராசிரியர்கள் மாறினார்கள், மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு பறந்தார்கள், கட்டுரைகளின் கடைசி வரியில் இவளுக்கு ஒரு நன்றி போட்டார்கள். சிலர் அதையும் மறந்தார்கள். அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்பவள் இல்லை. கைராசிக்காரி என்று நாலு பேர் சொன்னால் போதும். அதுவும் இந்த ஒரு வருடமாகக் கேட்கவே வேண்டாம். மற்ற ஆய்வுக்கூடங்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை மீடியம் மஞ்சளாகி மாற்ற வேண்டியிருக்கும்போது, இவள் கலக்கிக் கொடுத்தது நாலு நாள், ஐந்து நாள் ஆனாலும் அப்படியே சிவப்பாக இருந்தது. மாடியிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். அதற்கெல்லாம் ஒரு பக்குவம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, இவள் கையுறையைச் சட்டென்று இழுத்து மாட்டிக்கொள்வாள்.

இப்போது அவளுடைய பயத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடம் இல்லை. அவளுடைய தங்கை.

நாற்பத்து நாலு வயதில் தங்கைக்கு வலது மார்பில் கட்டி வந்தது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய் என்றார்கள், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை என்று தேதியும் கொடுத்தார்கள். தங்கை பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பதறிப்போய்க் கையை எடுத்துவிடுகிறவர்களின் ஸ்டியரிங்கை எட்டிப் பிடிப்பது அவளுடைய வலது கைதான். அந்தக் கையைத் தூக்க முடியாமல் போய்விடும், மார்பும் போய்விடும், கணவன் முகத்தில் என்ன தெரியுமோ என்று அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். வேறொரு நோய்க்காகப் பல வருடமாகக் கடைகளில் விற்கும் ஒரு பழைய மாத்திரை, அது புற்றுநோய் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை அணைத்துவிடுகிறது, செல் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறது, எங்கள் சார் கண்டுபிடித்திருக்கிறார், மூன்று மாதம் சாப்பிட்டுப் பார், அதற்கப்புறம் கத்தியை வைத்துக்கொள்ளலாம் என்றாள். தங்கை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நிஜமாகவே சாகிறதா?

“புஸ்தகத்துல படிச்சு சொல்லலடி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஒண்ணு மிஞ்சல.”

அதைச் சொல்லிப் பதினொரு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வெளியூர் போவதாகப் பொய், லாரியில் ஊர் ஊராகப் போகிற கணவனிடம் டாக்டர்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்று இன்னொரு பொய். இரண்டையும் யோசித்துக் கொடுத்ததும் அக்காதான்.

“கீச்சு, இங்க வா.”

ஆராய்ச்சி மாணவி ஓடிவந்தாள். குரலை வைத்து வந்த பெயர் அது. போன வாரம் அக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தபோது, இந்தப் பிளேட்டுகளைத் தனியாகச் செய்தவள் இவள்தான். மஞ்சளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மருந்து ஊத்தினியா, இல்ல கையை ஆட்டிட்டுப் போயிட்டியா?”

“சத்தியமா ஊத்தினேன்க்கா. அளவெல்லாம் நோட்ல எழுதியிருக்கேன், பாருங்க.”

“அப்புறம் ஏன் இதுங்க விருந்துக்கு வந்த மாதிரி உக்காந்து தின்னுருக்கு?”

நோட்டைப் பார்த்தாள். சரியாக இருந்தது. மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். எவ்வளவு குறைந்திருக்க வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது. மருந்து கெட்டுவிட்டதோ என்று போன மாதத்துப் பிளேட்டுகளின் தேதியை ஒப்பிட்டாள். அதே குப்பிதான். அப்போது கொன்றிருக்கிறது, இப்போது கொல்லவில்லை. கீச்சு அழுதுவிடுவாள் போல நின்றாள். அவள் தப்பு செய்திருக்க வேண்டும் என்று அக்கா மனசார வேண்டிக்கொண்டாள். அடுத்தவள் தலையில் பழி விழட்டும் என்று அவள் வாழ்க்கையில் இப்படி ஆசைப்பட்டதே இல்லை.

“அக்கா, ஒரே ஒரு விஷயம். நீங்க கலக்கி வச்ச மீடியம் தீந்துபோச்சு. உங்களுக்கு போன் பண்ணலாம்னு பார்த்தேன், பல் வலியோட இருக்கீங்களேன்னு விட்டுட்டேன். ஃப்ரிட்ஜ்ல ரெடிமேட் பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் ஊத்தினேன்.”

“அதனால என்ன? ரெண்டும் ஒண்ணுதானே.”

சொல்லிவிட்டாள். ஆனால் சொல்லி முடித்த வாய் மூடவில்லை. ரெடிமேட் பாட்டிலை எடுத்து வந்து அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த பட்டியலைப் படித்தாள். பிறகு மூலையில் இருந்த அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தில் அவளே எழுதி ஒட்டிய கைப்பக்குவம் இருந்தது. தண்ணீர் இவ்வளவு, பவுடர் இவ்வளவு, சோடா உப்பு இவ்வளவு, வடிகட்டு. அதற்குக் கீழே பவுடர் டப்பா. பதினாலு மாதத்தில் அந்த டப்பாவை ஐம்பது தடவையாவது திறந்திருப்பாள். மூடியைப் பார்த்திருக்கிறாள், எடை பார்த்திருக்கிறாள், லேபிளைப் பார்த்ததில்லை. இருபது வருடமாக ஒரே கடையில் உப்பு வாங்குகிறவள், பாக்கெட்டில் உப்பு என்று எழுதியிருக்கிறதா என்று நின்று படிப்பாளா? பழைய வகை பவுடர் கிடைக்கவில்லை என்று கம்பெனிக்காரன் அதே நிறத்து டப்பாவில் வேறு வகையை அனுப்பியிருக்கிறான். எண்ணில் கடைசி ஓர் இலக்கம்தான் வித்தியாசம். லேபிளின் அடியில், நகத்தால் சுரண்டினால் போய்விடும் அளவுக்குச் சின்னதாக, குளுக்கோஸ் சேர்க்கப்படவில்லை, தனியாகச் சேர்க்கவும் என்று போட்டிருந்தது.

அவள் சேர்க்கவில்லை. பதினாலு மாதமாக ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்க்கவில்லை. சமையலக்கா!

பேராசிரியர் மத்தியானம் வந்ததும் அவருடைய அறைக்குள் அவள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே போனாள். கணினித் திரையில் அவருடைய கட்டுரை திறந்திருந்தது. அது அடுத்த மாதம் அச்சில் வரவிருந்தது. அவள் லேபிளைக் காட்டினாள், மஞ்சள் பிளேட்டுகளைப் பற்றிச் சொன்னாள். மனிதர் பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அதுதான் உங்க மீடியம் மஞ்சளாகவே இல்ல” என்றார். “நாம அதைப் போய் பெருமையா பேசிக்கிட்டு இருந்தோம்.”

“சார், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. சர்க்கரை இல்லன்னா செல் அப்பவே செத்திருக்கணுமே?”

“எப்படிம்மா சாகும்? வேற சத்து இருந்துச்சே. அதையெல்லாம் மைட்டோகாண்ட்ரியாங்கிற அடுப்புல போட்டு சமைச்சுத் தின்னு, மெதுவா காலத்தை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு. நாம மருந்தை ஊத்தி அடுப்பை அணைச்சோம். பட்டினியில செத்துச்சு. இப்ப சர்க்கரை கிடைச்சிருக்கு. அடுப்பு அணைஞ்சா என்ன, கடையில வாங்கித் தின்னுட்டு ஜம்முனு இருக்கு. புற்றுநோய் செல்லுக்கு அது கைவந்த கலை. அரைகுறையா தின்னும், புளிப்பைத் துப்பும், பெருகும்.” அவர் திரையை அணைத்தார். “நாம மருந்தால கொல்லலம்மா. பட்டினி போட்டுக் கொன்னிருக்கோம்.”

“மனுஷ உடம்புல?”

“உடம்புல சர்க்கரைக்கு என்ன பஞ்சம்? ரத்தம் பூரா சர்க்கரைதான்.” எழுந்து ஜன்னலருகே போனார். “கட்டுரையைத் திரும்ப வாங்கணும். நாலு பேர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நல்லவேளை, நோயாளிங்க யாருக்கும் இன்னும் கொடுக்க ஆரம்பிக்கல. அது ஒண்ணுதான் நிம்மதி.”

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் அவள் தன் தப்பை நினைத்துக் கலங்குகிறாள் என்று எண்ணி, யாருக்கும் நடக்கும், போய்த் தண்ணீர் குடியுங்கள் என்று தேற்றினார். அவருடைய நல்ல மனசு அவளைக் கத்தியாக அறுத்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பதிவேட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல், பாதி வேலையில் வெளியே வந்தாள். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை கோட்டைக் கழற்ற மறந்து தெருவில் நடந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் கோட்டைப் பார்த்துவிட்டு, டாக்டரா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். பதினொரு வாரத்தை நாளாக்கிப் பார்த்தாள். எழுபத்தேழு. இந்தச் செல்கள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை இரண்டாகும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் எண்ணுகிற வேலை. ஆனால் பிளேட்டில் பெருகுவது போல உடம்பில் பெருகாது, அங்கே கணக்கு வேறு, அது மெதுவாகத்தான் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உடனே, பிளேட்டில் சாவது போல உடம்பில் சாகும் என்று சொன்னவளும் நான்தானே என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேலியோரமாக வாந்தி எடுத்தாள். மீதி தூரத்தை நடந்தாள்.

காலி மைதானத்தின் ஓரத்தில், பழைய டயர்களை நட்டு வளைவு போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், தங்கையின் கார் நின்றது. மூன்று மணிக்கு வந்தவள் கற்றுக்கொண்டு போய்விட்டாள். அடுத்தவள் வர இன்னும் நேரம் இருந்தது. தங்கை கற்றுக்கொடுப்பவளின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, கோட்டோட கிளம்பிட்ட? இன்னும் பல் வலிக்குதா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஏறு, அந்தப் பக்கம் ஏறு. இன்னிக்காவது ஓட்டக் கத்துக்க.”

அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே இருந்த ஸ்டியரிங்கை எங்கே பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த மாத்திரையை நிறுத்திடு.”

“ஏன்? இன்னும் ரெண்டு அட்டை இருக்கே.”

“அது வேலை செய்யாது. நான் சொன்னது தப்பு. என் மீடியத்துல தப்பு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நானும் வரேன், டாக்டர் கால்ல விழறேன்.”

தங்கையின் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் அழுத்துவதற்கு வைத்தது. நின்றுகொண்டிருந்த காரில் அவள் அதை அடிவரை மிதித்தாள். மிதித்த பிறகுதான் தான் மிதித்ததே அவளுக்குத் தெரிந்தது. காலை எடுத்துக்கொண்டாள்.

“உன் கண்ணால பார்த்தேன்னு சொன்னியே.”

“பார்த்தேன். செத்துச்சுதான். நான் அதுங்களுக்கு சர்க்கரையே கொடுக்கல. எனக்கே தெரியாம பட்டினி போட்டிருக்கேன். பட்டினி கிடந்ததாலதான் மருந்துக்குச் செத்துச்சு.”

தங்கை கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள், இறங்கிப் போ என்பாள் என்று அக்கா காத்திருந்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அக்காவுக்கு முடியவில்லை.

“அப்படின்னா நானும் சர்க்கரையை விட்டுட்டேன், தெரியுமா உனக்கு? ரெண்டு மாசமா. டீயில இல்ல, பழம்கூட தொடறதில்ல. வண்டி கத்துக்க வந்த ஒருத்தி சொன்னா. உன் பிளேட்டு மாதிரிதானே நானும்? பட்டினி போட்டிருக்கேன்ல?”

“இல்லடி.”

“ஏன் இல்ல?”

“நீ சாப்பிடலன்னாலும் கல்லீரல் சர்க்கரை செஞ்சு ரத்தத்துல விட்டுரும். ரத்தத்துல சர்க்கரை இல்லன்னா நீ மயங்கி விழுந்திருப்ப. உடம்பு உன்னைப் பட்டினி போட விடாது. அந்தக் கட்டிக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு போடும்.”

“என் உடம்பே போடுமா?”

“ஆமா.”

இதைவிட அவள் கழுத்தை நெரித்திருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஒரு நம்பிக்கையைக் கொடுத்ததும் இவள்தான், மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிடுங்கியதும் இவள்தான். கோட்டுப் பையில் இருந்த போனை எடுத்தாள், ஆஸ்பத்திரி எண்ணைத் தேடினாள், விரல் தப்புத் தப்பாக விழுந்தது. தங்கை போனின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

“இரு. போன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இல்ல, நல்ல விஷயம்தானேன்னு விட்டுட்டேன்.” வலது கையைத் தூக்கி, காரின் கூரையைத் தொட்டாள். “இங்க தொடு. அக்குள்ல. துணிக்கு மேலயே தெரியும்.”

அக்கா தொட்டாள். சொட்டில் பாதியைக்கூடத் தவறாமல் அளந்து விடும் விரல்கள் அவளுடையவை. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று, கெட்டியாக, அழுத்தினால் நகராமல் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும். நீதானே சொன்ன, செத்துச் செத்து விழும்னு. செத்ததெல்லாம் வெளிய போக இங்க வந்து ஒதுங்குதுன்னு நினைச்சேன். ராத்திரி தடவிப் பார்த்துட்டு நிம்மதியா தூங்குவேன்.” அவள் அக்காவின் விரல்களைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது செத்ததுதானேக்கா?”

அக்காவின் விரல்கள் அங்கேயே இருந்தன. எடுத்தால் பதில் சொல்ல வேண்டும். தங்கையும் தூக்கிய கையை இறக்கவில்லை, கூரையில் ஊன்றியபடியே பதிலுக்குக் காத்திருந்தாள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, நாலு மணி வகுப்புக்கு வந்த பெண் கார்க் கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சிரித்தபடி தன் கையையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டே வேகமாக நடந்து வந்தாள்.